செடியின் பாவமும் செடியின் புண்ணியமும்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்தில், மொழிபெயர்ப்புப் பணியின் பொருட்டுக் குமாவுன் மலைப்பகுதி ஆசிரமம் ஒன்றில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். ஒருநாள் மாலை அப்பகுதியில் நெசவுக்கூடம் நடத்தும் இளைஞர் ஒருவர் வந்தார். பழுப்பு நிறத்தில் ஒரு மேல்துணியைக் காணிக்கையாக வைத்து வணங்கினார். ‘சுவாமிஜி, இது பாங் செடியின் நாரில் நெய்தது. பூமிக்குப் பாரம் ஏற்றாத துணி’ என்றார். சென்னையிலிருந்து தீர்த்த யாத்திரையாக வந்திருந்த முதிய அன்பர் ஒருவர் அருகில் அமர்ந்திருந்தார். இளைஞர் கூறியதை நான் தமிழில் சொன்னதும் அவர் முகம் வாடியது. ‘பாங் என்றால் கஞ்சா அல்லவா? அதைத் துறவி உடுத்தலாமா, சுவாமி?’ என்று கேட்டார்.

இளைஞருக்கு அச்செடி புனிதம். பெரியவருக்கோ அது தீண்டத்தகாதது. இருவருமே நல்லுள்ளம் படைத்தவர்கள். அவர்கள் இருவருக்கும் விடை சொல்ல வேண்டிய நிலை எனக்கு.

பெரியவரின் தயக்கத்திற்குச் சொற்களும் ஒரு காரணம். சணல் என்றால் நமக்குச் சாக்குப் பை நினைவுக்கு வருகிறது. சணப்பு என்றால் வயலில் மடக்கி உழும் பசுந்தாள் உரம். அவ்விரண்டும் வேறு செடிகள். இந்த நார்ச்செடியை நாம் அறிந்திருப்பது கஞ்சா என்ற பெயரால் மட்டுமே. ஆனால் மயக்கம் தரும் பொருள் பெண்செடியின் பூந்தலைகளில் சுரக்கும் பிசினில் உள்ளது. நாரோ தண்டின் பட்டையிலிருந்து உரிக்கப்படுவது. குமாவுனிலும் கட்வாலிலும் இந்நாரில் தலைமுறைகளாகக் கயிறு திரித்திருக்கிறார்கள். பங்கேலா என்னும் முரட்டுத் துணி நெய்திருக்கிறார்கள். விதையை வறுத்து அரைத்துத் துவையலாக இன்றும் உண்கிறார்கள். துறவியர்க்கும் இது புதிதன்று. வினய பிடகத்தின் மகாவக்கம் பிக்குகளுக்கு அனுமதிக்கும் ஆறு வகைச் சீவரத் துணிகளுள் ‘பங்க’ என்பதும் ஒன்று. அது இச்செடியின் நாரே என்பாரும் உண்டு. பல நார்கள் கலந்த துணி என்பாரும் உண்டு.

இதனால் பெரியவரின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. அதே மலைகளில், அதே செடியின் பூந்தலைகளைக் கையால் தேய்த்துச் சரஸ் எடுக்கிறார்கள். அதனால் சீரழிந்த பிள்ளையின் தாயிடம் நாரின் பெருமையைப் பேச எனக்குத் துணிவில்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், நாருக்காகவும் விதைக்காகவும் பயிரிட அரசு தனி அனுமதி அளிக்க வழி வைத்திருக்கிறது. உத்தராகண்ட் அரசு 2018இல் முதல் உரிமத்தை வழங்கியபோது, போதைச் சத்து 0.3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று நிபந்தனை விதித்தது. சட்டம் இங்கே வேதாந்தியைப் போல விவேகத்துடன் பிரித்துப் பார்த்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இளைஞர் கூறியதிலும் உண்மை உண்டு. ஒரு கிலோ பருத்தித் துணிக்கு, மழைநீரையும் சேர்த்து, உலகச் சராசரியாகச் சுமார் 10,000 லிட்டர் நீர் செலவாகிறது. மத்திய ஆசியாவில் அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளை 1960களிலிருந்து பெரும்பாலும் பருத்தி வயல்களுக்குத் திருப்பியதால் ஆரல் கடல் வற்றிப்போனதை உலகம் கண்டது. மானாவாரியாகப் பருத்தி விளைவிக்கும் நம் விவசாயியை அந்தக் கணக்கில் சேர்ப்பது நியாயமாகாது. அவருடைய துன்பம் பூச்சிமருந்தும் கடனும். இந்த நார்ச்செடியோ நெருக்கமாக விதைத்தால் சில வாரங்களில் நிழல் மூடிக் களையை அடக்கிவிடுகிறது. பூச்சிமருந்துத் தேவை மிகக் குறைவு. ஏறக்குறைய நான்கு மாதங்களில் அறுவடைக்கு வந்துவிடுகிறது. உதிரும் இலை மண்ணுக்கே திரும்புகிறது. உலகில் இன்று உற்பத்தியாகும் இழைகளில் பாதிக்கும் மேல் பெட்ரோலியத்திலிருந்து வரும் பாலியெஸ்டர் என்பதையும் எண்ணிப் பார்த்தால் இளைஞரின் ஆர்வம் புரியும்.

ஆனால் வயலோடு கதை முடிவதில்லை. பட்டையிலிருந்து நார் பிரிய வேண்டுமானால் தண்டு ஊறி, அதன் பசை அழுக வேண்டும். குளத்தில் ஊறவைத்தால் நீரிலுள்ள உயிர்வளி தீர்ந்து மீன்கள் இறக்கின்றன. பதினாறாம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றியின் ஆட்சியிலேயே, ஓடும் ஆறுகளிலும் கால்நடைகள் நீரருந்தும் குளங்களிலும் இத்தண்டை ஊறவைக்கலாகாது என்று இங்கிலாந்தில் சட்டம் செய்ய வேண்டியிருந்தது. வயலிலேயே பரப்பிப் பனியில் நனைய விடுவது மற்றொரு முறை. அதற்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும், சந்தை பொறுப்பதில்லை. நாரைப் பருத்திபோல் மென்மையாக்கக் காரத்தில் வேக வைக்கிறார்கள். அந்தக் கழிவுநீர் எங்கே போகிறது?

இளைஞரிடம் இதைக் கேட்டேன். சற்று மௌனமாக இருந்தார். ‘ஊடை நூல் எங்கள் கிராமத்துப் பெண்கள் நூற்றது, சுவாமிஜி. பாவு நூல் சீனாவிலிருந்து வருகிறது. அங்கே என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது’ என்றார். அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஒன்றன் தன்மையை மற்றொன்றின்மேல் ஏற்றிக் காண்பதை அத்யாஸம் என்பர் வேதாந்திகள். பிரம்மசூத்திர பாஷ்யத்தை ஸ்ரீசங்கரர் தொடங்குவதே இதைப் பற்றிய விசாரணையுடன்தான். கயிற்றைப் பாம்பாகக் காணும் உவமையை நாம் அறிவோம். (அந்தக் கயிறு இந்த நாரினால் திரித்ததாகவும் இருக்கலாம்!) புகைப்பவனின் வீழ்ச்சியைப் பெரியவர் செடியின்மேல் ஏற்றினார். அதே தவற்றை இளைஞர் வேறு திசையில் செய்தார். பேச்சினிடையே அவர் கூறினார்: ‘இந்தத் துணியானால் ஒருவர் பத்து உடுப்பு வாங்கினாலும் மனம் உறுத்தாது.’ செடி குறைவாகக் குடிக்கிறது, குறைவாகக் கேட்கிறது. அந்த அடக்கம் செடியினுடையது. அதை உடுத்துவதால் அது எனக்கு எப்படி வந்து சேரும்? பத்து உடுப்புக்கும் ஊறவைக்க நீர் வேண்டும், வேகவைக்க விறகு வேண்டும், சீனாவிலிருந்து நூலும் வர வேண்டும். மனம் உறுத்தாமல் போவதே இங்கு ஆபத்தானது. உறுத்தல் இருந்தவரை ஐந்தில் நின்றவர், அது நீங்கியதும் பத்துக்குப் போகிறார்.

இதை அவரிடம் சொல்ல வாயெடுத்தபோது என் அறை அலமாரி நினைவுக்கு வந்தது. இரவு திறந்து எண்ணினேன். சில வாரங்கள் தங்க வந்தவனிடம், விழாக்களில் அன்பர்கள் அளித்த வேட்டிகளும் மேல்துணிகளுமாகப் பதினொன்று இருந்தன. மூன்றை நான் ஒருமுறையும் பிரித்ததில்லை. அனைத்தும் பருத்தி. அவை குடித்த நீர் குடித்ததுதான். இனி நாரைத் தேடிப் போவதால் அது திரும்பாது. அவை கிழியும்வரை உடுத்துவதே என் கடன் என்று பட்டது.

மறுநாள் இளைஞரின் சம்மதத்துடன் அந்த மேல்துணியைக் கோசாலையில் பணிபுரியும் முதியவருக்குக் கொடுத்தேன். அவர் தடவிப் பார்த்து, தம் தாத்தா காலத்தில் இதில்தான் சாக்கு தைத்தார்கள் என்று சொல்லிச் சிரித்தார். சென்னைப் பெரியவரும் மெல்ல அருகில் வந்தார். அதன் ஓரத்தை இரு விரல்களால் தேய்த்துப் பார்த்துவிட்டு, ‘கதர் போலத்தான் இருக்கிறது, சுவாமி’ என்றார்.