உறவாய்க் கேட்டதும் ஏட்டில் எழுதுவதும்

சமூகவியலை முதன்மைப் பாடமாக எடுத்து இளங்கலை பயிலும் மாணவர் பலர், இறுதியாண்டில் ஓர் ஊரைத் தேர்ந்து கள ஆய்வு செய்து ஆய்வேடு அளிக்க வேண்டியிருக்கும். ஆலந்தலையிலிருந்து கல்லூரிக்குச் சென்ற பிள்ளை ஒருவர் தம் ஊரையே தேர்ந்துகொள்கிறார் என வைத்துக்கொள்வோம். பேருந்துச் செலவு மிச்சம்; எல்லாம் தெரிந்த வீடுகள். ஆயினும் எளிதில் தீராத அறக்கேள்வி ஒன்று இதில் இருக்கிறது. ‘அத்தை’ என்று அழைத்த வாயால், “கடன் எவ்வளவு? மகளுக்கு எத்தனை பவுன் போட்டீர்கள்?” என்று வினாத்தாளை விரித்துக் கேட்கலாமா? கேட்டதை எழுதலாமா?

சமூக உண்மைகளைப் பொருள்களைப் போல் கருதி ஆராய வேண்டும் என்று எமில் தர்கைம் 1895-இல் வெளியிட்ட நூலில் விதித்தார். முன்முடிவுகளைக் கழற்றிவைத்துவிட்டுப் பார் என்பதே அதன் சாரம். மனிதரைப் பொருளாக்கு என்பதன்று. எனினும் பொருளாகப் பார்க்கப்படுவது எப்படியிருக்கும் என்பதை நம் மக்கள் அறிவர். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன், மனிதரின் தலையையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்தவர். தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி 1909-இல் அவர் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் பரதவரும் இடம்பெற்றனர். அளந்தவரின் பெயர் அட்டையில் நிற்கிறது. அளக்கப்பட்டோரின் பெயரை யார் கேட்டார்?

அப்படியானால் சொந்த ஊர்ப் பிள்ளை எழுதினால் குறை நீங்கிவிடுமா? நீங்காது என்றே எண்ணுகிறேன். தஞ்சை மாவட்டச் சிற்றூர் ஒன்றை ஆராய்ந்து 1965-இல் நூல் வெளியிட்ட ஆந்த்ரே பெத்தேய், அங்கே அக்கிரகாரத்தில் தங்கியிருந்தார். அதனால் பிற தெருக்களில் தாம் பழகும் வாய்ப்பு குறுகிப்போனதை அவரே எழுதியிருக்கிறார். எந்த வீட்டுத் திண்ணையில் அமர்கிறோமோ, அங்கிருந்து தெரிவதே ஊர் என்றாகிவிடுகிறது. சம்மாட்டி வீட்டுப் பிள்ளைக்கு முன்பணம் என்பது உதவி. அதை வாங்கிக்கொண்டு கடலுக்குப் போகிறவனுக்கோ, அடைக்கும்வரை வேறு படகில் ஏறவிடாத கட்டு. இரண்டும் ஒரே ஊரில், ஒரே ஆலயத்தில் அருகருகே முழந்தாளிடுவோரின் கணக்குகள். உறவு கண்ணைத் திறப்பதுபோலவே மறைக்கவும் செய்கிறது. ஆகவே பாடநூல் கற்பிக்கும் அந்த விலகி நிற்றலை நான் குறைகூற மாட்டேன். மேய்ப்புப்பணிக்குச் சமூகவியலின் கண்டுபிடிப்புகளையும் பயன்படுத்தவேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமே 1965-இல் ‘இக்கால உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டில் கூறியிருக்கிறது.

ஆனால் அடுப்படியில், கண்ணீரோடு, நகை அடகுபோன கதையைச் சொன்ன அத்தை அதை ஆய்வாளரிடம் சொல்லவில்லை, மருமகனிடம் சொன்னாள். பெயரை மாற்றினால் போதும் என்பர். ஆலந்தலை போன்ற ஊரில் அது செல்லாது. ‘மூன்று பெண்மக்கள், கணவன் கடலோடு போனவள்’ என்று ஒரு வரி எழுதினால், ஊரில் அவளை அறியாதவர் யார்? எனவே இரண்டாம் முறை சென்று, “இதை எழுதட்டுமா?” என்று கேட்டாக வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பார்கள், உண்மை புதைந்துபோகும் என்ற அச்சம் நியாயமானதே. ஆயினும் வரதட்சணை எப்படிக் கடனாகிறது, கடன் எப்படி மீனின் விலையைக் குறைக்கிறது என்று காட்டுவதற்கு அந்த ஒரு வீட்டின் கதவைத் திறந்துபோட வேண்டியதில்லை. வழக்கத்தை எழுதலாம், ஆளை விட்டுவிடலாம்.

இவ்வேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, கல்லூரி அலமாரியில் தூங்குகின்றன. நம் பிள்ளை அதைத் தமிழில் எழுதி, வலை பின்னும் இடத்தில் அமர்ந்து வாசித்துக் காட்டட்டும். “அத எழுதாதய்யா” என்று அத்தை சொன்னால், மதிப்பெண் குறைந்தாலும் அவ்வரியை அடித்துவிட வேண்டும். அதையே முன்பணக் கணக்கைப் பற்றிச் சம்மாட்டி சொன்னால், அடிக்க வேண்டியதில்லை.