தற்காப்புக்கு எல்லை எது?

அஹிம்சையைப் பேசும் இல்லறத்தாரிடம் பிறர் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றே. "நள்ளிரவில் கொள்ளையர் வீடு புகுந்தால் நீர் என்ன செய்வீர்?" என்பதே அது. நம் ஆசாரியர்கள் இக்கேள்விக்கு அஞ்சி ஒதுங்கவில்லை. முனிவர்க்கு மகாவிரதத்தை விதித்த அவர்கள், இல்லறத்தார்க்கு அணுவிரதமே விதித்தார்கள். ஹிம்சையையும் நான்காகப் பகுத்துக் காட்டினார்கள். கொல்லவேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்வது சங்கல்ப ஹிம்சை. சமைத்தல், பெருக்குதல் முதலிய இல்லப் பணிகளில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. உழவு முதலிய தொழில்களில் நேர்வது உத்தியோக ஹிம்சை. தன்னையும் தன்னைச் சார்ந்தாரையும் நாட்டையும் காக்கும்போது நேர்வது விரோதி ஹிம்சை. முதலாவதை இல்லறத்தான் அறவே விடவேண்டும். ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைக்கவேண்டும்.

ஆகவே தற்காப்பு உண்டா இல்லையா என்பது நம்மிடையே வழக்கன்று. தற்காப்பு என்று தொடங்கிய செயல் எந்த இடத்தில் தற்காப்பாக இருப்பதை விட்டுவிடுகிறது என்பதே கடினமான கேள்வி. வீடு புகுந்த கள்வனைத் தடுக்கலாம். அவனைத் துரத்திக்கொண்டு அவன் ஊருக்குச் செல்லலாமா? அங்கேயே இருபது ஆண்டு தங்கி அவ்வூரைத் திருத்தி அமைக்கலாமா? அதனால் அவ்வூரார் இறப்பின் அந்த வினை யாரைச் சேரும்?

இவை கற்பனைக் கேள்விகள் அல்ல. 2001 முதல் 2021 வரை அமெரிக்கா ஆப்கானிஸ்தானத்தில் நடத்திய போரும், அப்போரைப் பெருக்குவதென்று 2009இல் எடுக்கப்பட்ட முடிவும் இக்கேள்விகளை உலகின் முன் வைத்தன. அம்முடிவைச் சற்று நின்று ஆராய்வோம்.

போர் பெருகிய வகை

2001 செப்டம்பர் 11 அன்று அல்காயிதா இயக்கத்தினர் அமெரிக்காவில் நடத்திய தாக்குதலில் 2,977 பேர் மாண்டனர். அவ்வியக்கத்தின் தலைவர் உசாமா பின் லாடன் அப்போது தாலிபான் ஆட்சியிலிருந்த ஆப்கானிஸ்தானத்தில் புகலிடம் பெற்றிருந்தார். மூன்றே நாளில், செப்டம்பர் 14 அன்று, படைபலத்தைப் பயன்படுத்தும் அதிகாரத்தை அமெரிக்கக் காங்கிரஸ் குடியரசுத் தலைவருக்கு வழங்கியது. பிரதிநிதிகள் சபையில் 420 பேர் ஆதரித்தனர். எதிர்த்து வாக்களித்தவர் பார்பரா லீ என்னும் அம்மையார் ஒருவரே. தாக்கியவரை விட்டுவிடுங்கள் என்று அவர் கூறவில்லை. குறித்த இலக்கும் வெளியேறும் வழியும் வகுக்காமல் போரில் இறங்கவேண்டாம் என்றே எச்சரித்தார். அத்தீர்மானத்தில் எந்த நாட்டின் பெயரும் இல்லை. முடிவு நாளும் இல்லை.

அக்டோபர் 7 அன்று போர் தொடங்கிற்று. ஆண்டு முடிவதற்குள் தாலிபான் ஆட்சி வீழ்ந்தது. பின் லாடன் தோரா போரா மலைகளினின்று தப்பிச் சென்றார். துரத்தி வந்த எதிரி அகப்படவில்லை. துரத்தி வந்தவர் திரும்பவும் இல்லை. அரசு அமைத்தல், தேர்தல் நடத்துதல், சாலையிடுதல், காவற்படை பயிற்றுதல், அபினிப் பயிரை ஒழித்தல் என்று நோக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின.

2009 ஜனவரியில் பராக் ஒபாமா பதவியேற்றபோது அங்கிருந்த அமெரிக்க வீரர் 32,000 பேர். அவ்வாண்டிலேயே அத்தொகை இருமடங்காயிற்று. படைத்தலைவர் ஸ்டான்லி மெக்கிறிஸ்டல் மேலும் 40,000 பேர் வேண்டினார். டிசம்பர் 1 அன்று வெஸ்ட் பாயிண்ட் படைக்கல்லூரியில் பேசிய ஒபாமா, 30,000 பேரை அனுப்புவதாகவும், பதினெட்டுத் திங்களில் அவர்களைத் திரும்ப அழைக்கத் தொடங்குவதாகவும் அறிவித்தார். இதற்கு முதலாண்டில் 3,000 கோடி டாலர் ஆகும் என்றும் அவரே கூறினார். வீரர் ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் என்பது இதன் பொருள்.

ஒன்பது நாள் கழித்து, டிசம்பர் 10 அன்று, ஆஸ்லோ நகரில் அவர் அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்றார். காந்தியடிகளையும் மார்ட்டின் லூதர் கிங்கையும் போற்றிய அவர், அறப்போராட்டம் ஹிட்லரின் படைகளைத் தடுத்திராது என்றும், அல்காயிதாத் தலைவர்களைப் பேச்சுவார்த்தையால் படைக்கலம் துறக்கச் செய்ய இயலாது என்றும் கூறினார். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட வேண்டா. விரோதி ஹிம்சையை இல்லறத்தார்க்கு விலக்காத நாம் அதில் ஒரு பங்கு உண்மை இருப்பதை ஏற்கவேண்டும். ஆனால் போர் என்றேனும் நேரிதாகுமா என்னும் பொதுக்கேள்விக்கே அது விடை. இந்தப் போரை இந்த அளவுக்குப் பெருக்குவது நேரிதா என்னும் சிறப்புக்கேள்விக்கு அது விடையாகாது.

நோக்கம் எங்கே நின்றது?

விரோதி ஹிம்சையின் நோக்கம் தீங்கைத் தடுத்தல். தீங்கு செய்பவன் எங்கே, எவ்வளவு என்று அறிந்தாலன்றித் தடுத்தலின் அளவையும் அறிய இயலாது. ஒபாமா அறிவித்த தலையாய குறிக்கோள் அல்காயிதாவை முறியடித்தல். ஆனால் 2010 ஜூன் மாதத்தில் உளவுத்துறைத் தலைவர் லியோன் பனேட்டா, ஆப்கானிஸ்தானத்தில் உள்ள அல்காயிதாவினர் 50 முதல் 100 பேர் வரை, அதற்கும் குறைவாகவே இருக்கலாம் என்று தொலைக்காட்சியில் கூறினார். அதே வேளையில் அங்கிருந்த அமெரிக்க வீரர் ஏறத்தாழ ஒரு லட்சம். 2011 மே மாதத்தில் பின் லாடன் கொல்லப்பட்டது பாகிஸ்தானில், அப்பட்டாபாத் நகரில். அதைச் செய்தது சில ஹெலிகாப்டர்களில் சென்ற சிறு குழு.

அப்படியாயின் லட்சம் பேர் யாரோடு போரிட்டனர்? பெரும்பாலும் தாலிபான்களோடும், அவர்களோடு சேர்ந்த உள்ளூர்க் கிராமத்தாரோடும். சாபுல் மாகாணத்தில் பணியாற்றிய மாத்யூ ஹோ என்னும் அமெரிக்க அதிகாரி 2009 செப்டம்பரில் பதவி துறந்தார். போர் எவ்வாறு நடத்தப்படுகிறது என்பதைவிட, ஏன், எந்த முடிவுக்காக நடத்தப்படுகிறது என்பதே தம் ஐயம் என்று எழுதினார். காபூலில் தூதராயிருந்த கார்ல் ஐக்கன்பரி, தாமே அந்நாட்டில் படை நடத்தியவர். மேலும் படை அனுப்பினால் ஆப்கான் அரசு நம்மையே சார்ந்து நிற்கும் பழக்கம் மிகும் என்று அவ்வாண்டு நவம்பரில் தம் அரசுக்கு எழுதினார். இவர்கள் போரை வெறுத்த துறவியர் அல்லர். கணக்கைச் சரியாகப் போடச் சொன்னவர்கள்.

மெக்கிறிஸ்டலும் ஒரு கணக்குச் சொன்னதுண்டு. குற்றமற்ற ஒருவரைக் கொன்றால் பத்துப் புதிய எதிரிகள் தோன்றுவர் என்பது அது. வினை வினையைப் பெருக்கும் என்று நாம் தலைமுறை தலைமுறையாய்க் கேட்டுவரும் உண்மையை ஒரு படைத்தலைவர் தம் தொழில்மொழியில் கூறினார். அதை அறிந்தும் போர் பெருகியது. ஐக்கிய நாடுகள் தூதுக்குழுவின் கணக்கின்படி, மாண்ட பொதுமக்கள் 2009இல் 2,400க்கு மேல். 2010இல் 2,700க்கு மேல். 2011இல் 3,000க்கு மேல். இவர்களுள் பெரும்பாலோர் அரசை எதிர்த்தவர்களின் குண்டுகளுக்கே இரையாயினர் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆனால் போர் பெருகிய ஊரில் இரு தரப்பின் குண்டுகளும் பெருகும். கன்றோடு வயலுக்குச் செல்லும் உழவனுக்கு அது யார் புதைத்த குண்டு என்பதில் வேறுபாடில்லை.

செலவை யார் சுமந்தனர்?

பரத சக்கரவர்த்திக்கும் பாகுபலிக்கும் மூண்ட பகையை நாம் அனைவரும் அறிவோம். இரு படைகளும் எதிரெதிரே நின்றபோது இரு தரப்பு அமைச்சர்களும் கூடி ஆராய்ந்தனர். இவ்விருவரும் சரம சரீரிகள். போரால் இவர்கள் உயிருக்கு ஊறு நேராது. மடிவோர் குற்றமற்ற வீரர்களே என்று கண்டனர். ஆகவே படைப்போரைத் தவிர்த்து, கண்பார்வைப் போர், நீர்ப்போர், மற்போர் என்னும் மூன்றில் உடன்பிறந்தார் இருவருமே மோதித் தீர்த்துக்கொள்ளுமாறு செய்தனர். போரை முடிவு செய்பவன் அதன் செலவைத் தன் உடம்பில் சுமந்தால் செலவு தானே குறையும் என்பதே அவ்வமைச்சர்கள் கண்ட நீதி.

இன்றைய போர்களில் இந்நீதி தலைகீழாயிற்று. முடிவு செய்தவர்க்கும் ஊறில்லை. அவர்களைத் தேர்ந்தெடுத்த மக்களுள் மிகப் பலர்க்கும் ஊறில்லை. கட்டாயப் படைச்சேவை இல்லை. 2009 நவம்பரில் டேவிட் ஓபி என்னும் உறுப்பினரும் வேறு சிலரும், போர்ச் செலவுக்கெனத் தனி வரி விதிக்கும் மசோதாவைக் கொணர்ந்தனர். போர் வேண்டுமாயின் அனைவரும் அதன் விலையைச் செலுத்துவோம் என்பதே அவர்கள் வாதம். அது நிறைவேறவில்லை. போர் கடனில் நடந்தது. வட்டி பேரப்பிள்ளைகளுக்கு வைக்கப்பட்டது.

2010 ஒரே ஆண்டில் ஏறத்தாழ 500 அமெரிக்க வீரர் மாண்டனர். இருபது ஆண்டு முடிவில் பிரௌன் பல்கலைக்கழக ஆய்வாளர் கணக்கிட்ட செலவு 2.3 லட்சம் கோடி டாலர். உயிரிழந்த ஆப்கான் பொதுமக்கள் 46,000க்கு மேல். ஆப்கான் படையினரும் காவலரும் 60,000க்கு மேல். அமெரிக்க வீரர் 2,400க்கு மேல். வெளியேறுவதற்கு முந்தைய நாள், 2021 ஆகஸ்ட் 29 அன்று, காபூலில் ஒரு வண்டியில் வெடிபொருள் உள்ளதென்று கருதி ஆளில்லா விமானத்தால் தாக்கினர். மாண்டவர் பத்துப் பேர். அவர்களுள் எழுவர் குழந்தைகள். அது தவறான தாக்குதல் என்று அமெரிக்கப் படையினரே பின்னர் ஒப்புக்கொண்டனர். விழிப்பின்மையால் உயிர்க்குக் கேடு நேர்வதே ஹிம்சை என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் வரையறை. எண்ணிறந்த கற்களுக்கு அப்பாலிருந்து திரையைப் பார்த்துக் கொல்பவர்க்கு விழிப்பு எங்ஙனம் முழுமையாகும்?

மறுபக்கம்

ஒரு பக்கத்தை மட்டும் பார்ப்பது அநேகாந்தவாதிக்கு அழகன்று. அமெரிக்கப் படை இருந்த ஆண்டுகளில் பல லட்சம் ஆப்கான் சிறுமியர் பள்ளி சென்றனர். 2021 ஆகஸ்ட் 15 அன்று தாலிபான்கள் காபூலைக் கைப்பற்றிய பின்னர், ஆறாம் வகுப்புக்கு மேல் அவர்களுக்குக் கதவு அடைக்கப்பட்டது. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டன. 2022 ஜூலையில் அல்காயிதாவின் அடுத்த தலைவர் அய்மன் அல் ஜவாஹிரி காபூல் நகரின் நடுவே ஒரு வீட்டில் வாழ்ந்திருந்தபோது அமெரிக்கத் தாக்குதலில் கொல்லப்பட்டார். தாலிபான் ஆட்சியில் அவர்க்கு மீண்டும் புகலிடம் கிடைத்தது என்று போரை ஆதரித்தவர் கூறுவர். ஒரு வீரர்கூட அங்கில்லாதபோதே அவரை எட்ட முடிந்ததே என்று எதிர்த்தவர் கூறுவர். இரண்டும் மெய்.

வெளியேறுதலுக்கும் விலையுண்டு, அவ்விலையைச் சிறுமியர் செலுத்துகின்றனர். இதை மறைத்து அஹிம்சை பேசுவது பொய்ம்மையாகும். ஆயினும் ஒன்று நோக்குக. 30,000 பேரை அனுப்பியபோது அச்சிறுமியரின் கல்வி அதன் காரணமாகக் கூறப்படவில்லை. அந்நாட்டைக் கட்டியமைக்கும் முடிவற்ற பணியைத் தாம் ஏற்கவில்லை என்றே ஒபாமா வெளிப்படையாகக் கூறினார். ஒரு நோக்கத்துக்காக உயிர்ச்செலவு செய்துவிட்டு, அது கைகூடாதபோது வேறொரு நற்பயனைக் காட்டிக் கணக்கை நேர் செய்வது வணிகனுக்கே தகாது. அரசனுக்கு எங்ஙனம் தகும்?

எல்லை என்னும் விரதம்

இப்போரில் நால்வகைக் கஷாயங்களும் முறையே தலையெடுத்ததைக் காணலாம். குரோதம் அதைத் தொடங்கிற்று. மாண்டவர் தியாகம் வீணாகலாகாது என்னும் மானம் அதை நிறுத்த விடவில்லை. வெற்றி அணுகுகிறது என்று ஆண்டுதோறும் அறிவித்த மாயை உண்மையை மறைத்தது. போரை மேற்பார்த்த உயர் அதிகாரிகளே தமக்கு அந்நாடு விளங்கவில்லை என்று தனியே கூறியிருந்தது 2019 டிசம்பரில் வெளியாயிற்று. ஒப்பந்தக்காரரின் லோபம் அதற்கு எண்ணெய் வார்த்தது. குரோதத்தில் தொடங்கிய போரைவிட மானத்தால் நீளும் போரே மிகக் கொடிது. ஏனெனில் அதற்கு எதிரி தேவையில்லை.

இதற்கு மருந்து யாது? நம் முன்னோர் இல்லறத்தார்க்கு விதித்த குணவிரதங்களுள் முதலாவது திக்விரதம். இன்ன திசையில் இன்ன ஆறுவரை, இன்ன மலைவரை. அதற்கு அப்பால் செல்லேன் என்று முன்கூட்டியே வரையறுத்துக் கொள்வது அது. அவ்வெல்லைக்கு அப்பாலுள்ள உயிர்களைப் பொறுத்தவரை அவ்வில்லறத்தான் மகாவிரதிக்கு ஒப்பாகிறான். இதன் நுட்பம் 'முன்கூட்டியே' என்பதில் உள்ளது. சினம் மூண்டபின் எல்லை வகுக்க யாராலும் இயலாது. நாடுகள் விரதம் ஏற்பதில்லை. ஆயினும் படை புறப்படும் முன்பே, எது நிறைவேறினால் திரும்புவோம், எது நிறைவேறாவிடினும் திரும்புவோம், விலையை யார் கொடுப்போம் என்று மக்கள் முன் கூறும் கடமை அவற்றுக்கு உண்டு. ஒபாமா காலத்துக்கு எல்லை வகுத்தார், நோக்கத்துக்கு வகுக்கவில்லை. காலவெல்லையைக் கேட்ட எதிரி காத்திருந்தான். 2012 செப்டம்பரில் கூடுதல் படை திரும்பிற்று. போர் மேலும் ஒன்பது ஆண்டு நீண்டது.

இவை தொலைநாட்டுச் செய்திகள் என்று நாம் அமைந்துவிட வேண்டா. வரப்புத் தகராறு ஒன்று மூன்று தலைமுறை வழக்காகி, நிலத்தின் விலைக்கு மேல் செலவு வைத்து, உடன்பிறந்தார் ஒருவர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் செல்லாத நிலையில் முடிவதை நம் ஊர்களில் காணாதவர் யார்? அங்கும் தொடங்கியது நியாயம், நீட்டியது மானம். இவ்வளவு செலவழித்துவிட்டோமே என்று மேலும் செலவழிப்பதே அங்கும் காரணம்.

தடுக்க வேண்டியதைத் தடுப்போம். ஆனால் கோலை எடுக்கும் முன்பே அதைக் கீழே வைக்கும் இடத்தைக் குறித்துக்கொள்வோம். அவ்விடம் தெரியாதவன் கையில் உள்ள கோல் தற்காப்புக்கு உரியதன்று.