மனிதனால் இப்போது எது இயலும்?

ஓர் ஆற்றல் ஒருவரிடம் இருப்பதும், அதை அவர் இந்த நொடியில் செயலாக்க இயல்வதும் வேறுவேறு. உறங்கும் பாடகருக்குப் பாட்டு மறந்துபோய்விடவில்லை. ஆனால் உறக்கத்தில் அவரால் பாட இயலாது. அன்றாட வாழ்வில் இந்த வேறுபாடு யாரையும் தொல்லைப்படுத்துவதில்லை. சமயத்தில் இது பெரிய சிக்கலாகிறது. மனிதன் இன்று வெளிக்காட்டுவதைவிட உயர்ந்த ஒன்று அவனுக்குள் இருப்பதாகப் பல சமயங்கள் சொல்கின்றன. இருக்கிறதென்றால் ஏன் இப்போதே வெளிப்படவில்லை? நடுவில் நிற்பது பயிற்சிக் குறைவா, ஏதேனும் தடையா, இறையருள் இன்னும் கிட்டாமையா, அல்லது நடுவில் ஒன்றுமே இல்லையா? இந்திய மரபுகள் இதற்கு வெவ்வேறு விடைகளைத் தேர்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், சென்னை அடையாற்றில், இந்தக் கேள்வி ஏட்டை விட்டு வெளியே வந்து ஒரு சபையின் நோக்கமாகவும், ஊரறிந்த வழக்காகவும் மாறியது.

சபையின் மூன்றாம் நோக்கம்

பிரம்ம ஞான சபை 1875 நவம்பரில் நியூயார்க்கில் தொடங்கப்பட்டது. அதை நிறுவியவர்களில் முதன்மையான பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் 1879இல் பம்பாய்க்கு வந்தனர். 1882 டிசம்பரில், அடையாற்றங்கரையிலிருந்த ஹடில்ஸ்டன் தோட்டத்துக்குத் தலைமையகத்தை மாற்றினர். சபையின் நோக்கங்கள் மூன்று. இனம், சமயம், பால், சாதி, நிறம் என்ற வேறுபாடு பாராத மனித சகோதரத்துவம் முதலாவது. சமயம், தத்துவம், அறிவியல் ஆகியவற்றை ஒப்பிட்டுக் கற்க ஊக்குவிப்பது இரண்டாவது. இயற்கையில் இன்னும் விளக்கம் காணாத விதிகளையும், மனிதனுக்குள் மறைந்திருக்கும் ஆற்றல்களையும் ஆராய்வது மூன்றாவது.

மூன்றாம் நோக்கம் அளந்து எழுதப்பட்டது. ஆற்றல்கள் மறைந்திருக்கின்றன, அவை ஆராயத் தக்கவை என்பதோடு அது நின்றுகொள்கிறது. இன்னாரால் இன்னது இப்போது இயலும் என்று அது சொல்லவில்லை. நடைமுறையில் இந்த அடக்கம் நீடிக்கவில்லை. சபையார் தம் மறைவான குருமார்களாகக் கொண்ட மகாத்மாக்கள் எழுதியவை எனப்பட்ட கடிதங்கள், அடையாறு மாளிகையின் மாடியறையிலிருந்த மரப்பேழையில் தாமாகத் தோன்றுவதாகச் சொல்லப்பட்டது. மறைந்திருக்கும் ஆற்றலைப் பற்றிய கொள்கை, இப்போதே செய்துகாட்டப்படும் ஆற்றலைப் பற்றிய உரிமைகோரலாக மாறிவிட்டது.

அந்த இல்லத்தின் நிர்வாகத்தில் இருந்து பின்னர் சபையோடு முறித்துக்கொண்ட கூலோம் தம்பதியர், பிளாவட்ஸ்கி அம்மையார் தங்களுக்கு எழுதியவை என்று சில கடிதங்களை வெளியே கொடுத்தனர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் இதழ் அவற்றை 1884 செப்டம்பரில் வெளியிட்டது. நடந்த அற்புதங்கள் ஏற்பாடு செய்யப்பட்டவை என்பதே அக்கடிதங்கள் காட்டிய செய்தி. அவை போலி என்று அம்மையார் மறுத்தார். புலனுக்கு எட்டாத நிகழ்வுகளை ஆராய்வதற்கென்றே இங்கிலாந்தில் அமைந்திருந்த சங்கம் ஒன்று ரிச்சர்ட் ஹாட்ஜ்சனை அடையாற்றுக்கு அனுப்பியது. 1884 டிசம்பரில் அவர் வந்தபோது பேழை அங்கே இல்லை. அது முன்பே அகற்றப்பட்டிருந்தது. 1885 மார்ச்சில் அம்மையார் அடையாற்றை விட்டுச் சென்றார், பிறகு திரும்பவில்லை. அந்த ஆண்டு இறுதியில் வெளிவந்த அறிக்கை அவரை ஏமாற்றுக்காரர் என்று தீர்ப்பளித்தது. 1986இல் வெர்னன் ஹாரிசன் என்பவர், ஹாட்ஜ்சனின் ஆய்வுமுறையையும் கையெழுத்துச் சான்றுகளை அவர் கையாண்ட விதத்தையும் கண்டித்து அதே சங்கத்தின் இதழில் எழுதினார்.

வழக்கின் முடிவு எதுவாயினும், தத்துவக் கேள்வி அதனால் தீர்வதில்லை. ஒரு செய்துகாட்டல் பொய்யென்று தெரியவந்தால், அந்தச் செய்துகாட்டல் பொய் என்பது மட்டுமே உறுதியாகிறது. மனிதனுக்குள் மறைந்த ஆற்றல் இல்லை என்பது அதிலிருந்து பெறப்படாது. மறுபுறம், எந்தச் சூழலிலும் எப்போதும் வெளிப்படாத ஓர் ஆற்றல் இருக்கிறது என்பதற்கும் அப்படியொன்று இல்லை என்பதற்கும் வேறுபாடு காண வழியில்லை. ஆகவே மறைந்த ஆற்றலைப் பற்றிப் பேசுபவர், எது அதை மறைக்கிறது, எது நீங்கினால் அது வெளிப்படும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியவராகிறார்.

ஆற்றலின் படிகள்

கிரேக்க நாட்டின் மெகாரா நகரத்துச் சிந்தனையாளர்கள் இந்தச் சிக்கலை ஒரே வெட்டில் முடிக்கப் பார்த்தனர். செயல்படும்போது மட்டுமே ஒருவருக்கு ஆற்றல் உண்டு. செயல் நின்றால் ஆற்றலும் இல்லை என்றனர். அரிஸ்டாட்டில் தம் 'மெட்டாபிசிக்ஸ்' நூலின் ஒன்பதாம் பகுதியில் இதை மறுத்தார். அவர்கள் சொல்வது உண்மையானால் கொத்தனார் வேலையை நிறுத்தும்போதெல்லாம் தம் தொழிலை இழந்து, மறுபடி தொடங்கும்போது எங்கிருந்தோ அதைப் பெற வேண்டியிருக்கும். கண்ணுள்ளவர் ஒரே நாளில் பலமுறை குருடராக வேண்டியிருக்கும்.

ஆன்மாவைப் பற்றிய நூலில் அவர் மூன்று படிகளைப் பிரித்தார். கற்கும் இயல்புடைமை முதற்படி. கற்றுக் கைவரப்பெற்றமை இரண்டாம் படி. கற்றதை இப்போது செயலில் நிகழ்த்துவது மூன்றாம் படி. ருக்மிணி தேவி 1936இல் அடையாற்றில் தொடங்கிய கலாக்ஷேத்ராவில் இந்த மூன்றையும் அடுத்தடுத்துக் காணலாம். தட்டடவு கற்கச் சேரும் குழந்தையும், அரங்கேற்றம் முடித்து ஓய்ந்து அமர்ந்திருக்கும் நடனமணியும் அந்த நேரத்தில் ஆடவில்லை. ஆயினும் இருவரின் ஆடாமையும் ஒன்றல்ல. குழந்தைக்கும் ஆட்டத்துக்கும் நடுவே ஆண்டுகள் நிற்கின்றன. நடனமணிக்கும் ஆட்டத்துக்கும் நடுவே எழுந்து நிற்பது மட்டுமே நிற்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் ஆங்கிலத் தத்துவம் இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையிலான உறவை நுணுகிப் பார்த்தது. தற்போதைய இயலுமையைச் சொல்லும் 'கேன்' என்ற துணைவினையை ஜி. இ. மூர் 1912இல் ஒரு நிபந்தனையாக விரித்தார்: ஒருவரால் ஒன்று இயலும் என்றால், அவர் அதைச் செய்யத் தேர்ந்திருந்தால் செய்திருப்பார் என்பதே பொருள். ஜே. எல். ஆஸ்டின் 1956ஆம் ஆண்டுச் சொற்பொழிவில் இதை ஏற்க மறுத்தார். கோல்ஃப் ஆட்டத்தில் தேர்ந்த ஒருவர் மிக அருகிலுள்ள குழியில் பந்தைத் தள்ள முயன்று தவறவிடுகிறார். காற்றோ தரையோ கெடுக்கவில்லை, முயற்சியிலும் குறையில்லை. அப்படியிருந்தும் அதே நிலையில் அதைத் தம்மால் செய்திருக்க இயலும் என்று அவர் உறுதியாகச் சொல்லலாம். முயன்று தவறியது மட்டுமே இயலாமைக்குச் சான்றாகாது என்பது ஆஸ்டின் காட்டிய முடிவு.

தடை என்னும் விடை

ஆற்றல் என்பது தனியொரு பொருளா என்பதை இந்தியத் தத்துவ நூல்கள் நெருப்பை வைத்து விவாதித்தன. ஒருவகை மணியை அருகில் வைத்தால் நெருப்பு சுடாது என்ற அக்கால நம்பிக்கை அவற்றுக்கு எடுத்துக்காட்டாயிற்று. நெருப்பு கண்முன் அப்படியே இருக்கிறது. சுடுதல் மட்டும் இல்லை. ஆகவே நெருப்பில் கண்ணுக்குத் தெரியாத சக்தி ஒன்று தனியே உண்டு, மணி அதையே முடக்குகிறது என்றனர் மீமாம்சகர். அப்படியொரு மறைபொருள் தேவையில்லை என்றனர் நையாயிகர். சுடுவதற்கு நெருப்பும் வேண்டும், தடுக்கும் பொருள் இல்லாமையும் வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்ததே முழுக்காரணம் என்பது அவர்கள் வாதம். மீமாம்சகருக்கு ஆற்றல் ஒரு பொருள். நையாயிகருக்கு அது காரணங்கள் கூடி நிற்கும் நிலை. இரு தரப்பும் ஒத்துக்கொண்ட ஒன்று உண்டு: தடையின் இருப்பும் இன்மையும் கணக்கில் வராமல் தற்போதைய இயலுமையைப் பேச முடியாது.

பதஞ்சலியின் யோகசூத்திரம் இந்தக் கருத்தைப் பயிற்சிக்குக் கொண்டுசென்றது. சாதனை புதிய ஆற்றலை உண்டாக்குவதில்லை. மறித்து நிற்பதை விலக்குகிறது. உழவர் வயலுக்குத் தண்ணீரைச் சுமந்து வருவதில்லை, வரப்பை வெட்டிவிடுகிறார், தண்ணீர் தானே பாய்கிறது என்பது அந்நூல் தரும் விளக்கம். சித்திகள் பிறவியாலோ மருந்தாலோ மந்திரத்தாலோ தவத்தாலோ சமாதியாலோ வரலாம் என்று நான்காம் பாதம் கூறுகிறது. மூன்றாம் பாதமோ சித்திகளையெல்லாம் விரித்துரைக்கும் இடத்திலேயே, சமாதியை நாடுபவருக்கு அவை இடையூறு என்றும் எச்சரிக்கிறது. அற்புதம் செய்ய இயல்வதும் விடுதலைக்குத் தகுதி பெறுவதும் வேறுவேறு அளவைகள். அடையாற்றுப் பேழையைச் சுற்றி எழுந்த சர்ச்சையில் இரு தரப்பாரும் இந்த வேறுபாட்டைப் பெரிதும் விட்டுவிட்டனர். அற்புதம் நிலைத்தால் கொள்கையும் நிலைக்கும், அற்புதம் சாய்ந்தால் கொள்கையும் சாயும் என்பதுபோல் வழக்கு நடந்தது.

சைவ சித்தாந்தத்தின் விடை

தமிழ்ச் சைவம் தடையைப் பற்றிய கொள்கையை மேலும் கூர்மையாக்கியது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் அருளிய சிவஞானபோதமும், அதன் வழிவந்த நூல்களும் உயிருக்கு இச்சை, ஞானம், கிரியை என்ற மூன்று ஆற்றல்களும் இயல்பாகவே உண்டு என்கின்றன. செம்பில் களிம்புபோல் தொடக்கமின்றியே ஒட்டிய ஆணவ மலம் அவற்றை மறைக்கிறது.

மறைப்பின் அளவைக் கொண்டு உயிரின் நிலைகள் மூன்றாகின்றன. ஆணவத்தோடு மட்டும் கிடக்கும் கேவல நிலையில் உயிருக்கு ஆற்றல் இருந்தும் எதுவும் இயலாது. உடலும் கருவிகளும் பொருந்திய சகல நிலையில் ஓரளவு இயலும்: கலை என்னும் தத்துவம் கிரியையையும், வித்தை ஞானத்தையும், அராகம் இச்சையையும் சிறிதளவு விளக்குகின்றன. மலம் முழுதும் அடங்கிய சுத்த நிலையில் ஆற்றல் முழுமையாக விளங்குகிறது. அன்றாட வாழ்வில் மனிதர் பெற்றிருக்கும் இயலுமை, இந்தக் கணக்கின்படி, இருளில் ஏற்றிய விளக்கின் அளவே.

சித்தாந்தம் பதஞ்சலியிடமிருந்து விலகும் இடமும் இதுவே. தடை நீங்கியபின்னும் உயிர் தனித்து இயங்குவதில்லை; அது அறிவிக்க அறியும் அறிவு. கண்ணுக்குப் பார்க்கும் ஆற்றல் உண்டு, ஆயினும் ஒளி இன்றி அது காண்பதில்லை. அதுபோல் உயிரின் ஆற்றலுக்குத் திருவருள் உடனிருக்க வேண்டும். ஆற்றல் உயிருடையது, அது செயலாவது அருளால்.

இயலாமையே தகுதி

வைணவம் இதே கேள்வியை எதிர்முனையிலிருந்து எடுத்தது. பக்தியோகம் நெடிய, கடினமான சாதனை. அதற்கு அறிவும் ஆற்றலும் உரிமையும் வேண்டும். இவை இல்லாதவருக்குச் சரணாகதி வழி. தன்னிடம் ஒன்றுமில்லை என்ற ஆகிஞ்சன்யம் இந்த வழிக்குக் குறையாகாமல் தகுதியாகிறது. தன்னால் இயலாது என்று உணர்வதே இங்கே முதல் இயலுமை.

அந்தச் சிறு உணர்வுக்குக்கூட உயிர் பொறுப்பாளியா என்பதில் மரபு பிரிந்தது. வேதாந்த தேசிகரைப் பின்பற்றும் வடகலையார், இறைவன் அருள்வதற்கு உயிரின் பக்கம் ஒரு சிறு முகாந்திரமாவது வேண்டும் என்பர். தாயை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி இதற்கு உவமை. பிள்ளை லோகாசாரியரைப் பின்பற்றும் தென்கலையார், பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வதுபோல் எல்லாமே இறைவன் செயல், உயிர் மறுக்காதிருந்தால் போதும் என்பர். பற்றிக்கொள்வது ஒரு செயலா, மறுக்காதிருப்பதும் ஒரு செயலா என்ற நுண்ணிய கேள்வியில்தான் இரு தரப்பின் வேறுபாடும் தங்கியிருக்கிறது.

இடைவெளி இல்லை என்னும் விடை

சங்கரரின் அத்வைதம் வேறொரு கோட்டைக் கிழித்தது. செயல் என்பது செய்யவும், செய்யாமல் விடவும், வேறுவிதமாகச் செய்யவும் இயல்வது. அறிவு அப்படியன்று. பொருள் எப்படியோ அப்படித்தான் அறிவும் அமையும். அறிபவரின் விருப்பத்துக்கு அதில் இடமில்லை. பிரம்மம் ஏற்கெனவே உள்ளது. அறியாமை நீங்குவதே விடுதலை. எனவே விடுதலையை அடைய இயலுமா என்ற கேள்வி, அதைச் செயல்களின் வரிசையில் வைத்துவிடுகிறது. அத்வைதம் அந்த வைப்பையே ஏற்பதில்லை.

அடையாற்றில் இருபதாம் நூற்றாண்டில் எழுந்த இன்னொரு குரல், சாத்திரங்களை மேற்கோளாகக் கொள்ளாமலே இதற்கு அருகில் வந்தது. மதனப்பள்ளியில் 1895இல் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தியை, 1909இல் அடையாற்றுக் கடற்கரையில் சபையின் லெட்பீட்டர் கண்டு, உலக குருவாக விளங்கும் ஆற்றல் அச்சிறுவனிடம் மறைந்திருப்பதாக அறிவித்தார். அதற்கென 1911இல் நட்சத்திர சங்கம் அமைந்தது. அப்போது சபையின் தலைவராயிருந்த அன்னி பெசன்ட் அம்மையார் அதைப் பேணினார். படிப்படியான பயிற்சியும் தீட்சையும் வழியாக மறைந்த ஆற்றல் மலரும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. 1929 ஆகஸ்ட் 3 அன்று நெதர்லாந்தின் ஓமனில் கிருஷ்ணமூர்த்தி அந்தச் சங்கத்தைக் கலைத்தார். பிற்பாடு அடையாற்றின் வசந்த விஹாரில் அவர் பல ஆண்டுகள் உரையாற்றினார். 1986 ஜனவரியில் அவருடைய கடைசிப் பொது உரையும் அங்கேயே நிகழ்ந்தது.

அவருடைய வாதம் காலத்தைப் பற்றியது. மொழி கற்கவும் தொழில் பழகவும் காலம் தேவை என்பதை அவர் மறுக்கவில்லை. மனம் தன் அச்சத்திலிருந்தும் பேராசையிலிருந்தும் விடுபடுவதற்கு மட்டும் காலத்தை வழியாகக் கொள்ளக் கூடாது என்றார். நாளை நல்லவனாவேன் என்பவன் இன்று இருப்பதைத் தள்ளிப்போடுகிறான். அந்தத் தள்ளிப்போடுதலே தடை. மறைந்திருக்கும் ஆற்றல், அதை எழுப்பும் பயிற்சி, பயிற்சி தரும் குரு என்ற வரிசையை இந்த வாதம் வேரோடு மறுக்கிறது. இதற்கு எதிர்க்கேள்வியும் உண்டு: காலமும் முறையும் தேவையில்லையென்றால், கேட்டவர் பலரிடம் அந்த மாற்றம் ஏன் நிகழவில்லை? முறை ஒன்றைச் சொன்னால் அதுவே மறுபடி காலமாகிவிடும் என்பதால், இந்தக் கேள்விக்கு அவர் வழிமுறை எதையும் விடையாகத் தரவில்லை.

இயலுமையும் கடமையும்

இயலுமை பற்றிய கொள்கை கடமையின் எல்லையையும் வரைகிறது. வேள்விக்குரியவரிடம் விருப்பமும் ஆற்றலும் கல்வியும் வேண்டும் என மீமாம்சை வகுத்தது. நாள்தோறும் செய்ய வேண்டிய நித்திய கருமத்தில் உறுப்புகள் சில குறைந்தாலும், இயன்ற அளவு செய்தால் போதும். பயன் கருதிச் செய்யும் காமிய கருமத்தை முழுதும் செய்ய இயன்றவரே தொடங்க வேண்டும். வீட்டுப் பூசைகளின் சங்கல்பத்தில் இன்றும் சொல்லப்படும் 'யதாசக்தி' இந்த விதியின் சுருக்கம். ஐரோப்பாவில் கான்ட், ஒன்றைச் செய்ய வேண்டும் என்று அறம் கட்டளையிட்டால் அது செய்ய இயன்றதாகவே இருக்க வேண்டும் என்றார். மீமாம்சை இயலுமையிலிருந்து கடமையை அளக்கிறது. கான்ட் கடமையிலிருந்து இயலுமையை அறிகிறார்.

நடுவே நிற்பது என்ன என்பதற்கு ஒரு மரபு தரும் விடையே அதன் நடைமுறையை முடிவு செய்கிறது. பயிற்சிக் குறைவு என்றால் ஆசிரியரும் நாள்தவறாத பழக்கமும் வேண்டும். தடை என்றால் அதை விலக்கும் ஒழுக்கம் வேண்டும். அருள் என்றால் வழிபாடும் சரணும் வேண்டும். அறியாமை என்றால் விசாரணை வேண்டும். நடுவில் ஒன்றுமில்லை என்றால் தள்ளிப்போடாத கவனம் வேண்டும். இந்த விடைகளில் எதை ஏற்றாலும், இப்போது இயலும் என்று ஒருவர் சொல்வதை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். பிறகு இயலும் என்று சொல்வதை, எது தடுக்கிறது, அது எப்படி நீங்கும் என்று கேட்டுத்தான் மதிப்பிட முடியும்.