கையெழுத்துப் போடுமுன்

"நம்ம ஏரியாவுக்குப் பக்கத்துல எல்லா வருமானக்காரங்களுக்கும் சேர்த்து வீடு கட்டப் போறாங்களாம். இப்பவே தடுக்கலேன்னா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. ஆட்சேப மனு கீழே செக்யூரிட்டிகிட்ட இருக்கு. எல்லாரும் மறக்காம கையெழுத்துப் போடுங்க."

சென்னையில் எந்த அடுக்ககத்தின் வாட்ஸாப் குழுவிலும் இப்படி ஒரு செய்தி என்றைக்கும் வரலாம். வந்தால், அன்பர்களே, உடனே பேனாவைத் தேடாதீர்கள். மனுவை வாங்கி வரிவரியாகப் படியுங்கள். கட்டடத்தைப் பற்றிய கவலை அதில் எவ்வளவு, மனிதர்களைப் பற்றிய அருவருப்பு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். முன்னதற்குத் தீர்வு கேட்டுப் போராடுங்கள். பின்னதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

கட்டடத்தைப் பற்றிய கவலைகளைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஓ.எம்.ஆர். பக்கம் எத்தனையோ அடுக்ககங்கள் லாரித் தண்ணீரில்தான் ஓடுகின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்தில் இருந்தவர்களைக் கேட்டால் மழைநீர் வடிகால் என்பது வெறும் பேச்சல்ல என்று சொல்வார்கள். புதிதாகச் சில நூறு குடும்பங்கள் வந்தால் தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவுநீர் எங்கே போகும், காலையில் அந்தக் குறுகிய சாலை தாங்குமா என்று கேட்பது குடிமகனின் கடமை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதுபோன்ற நிலத்தில் யார் கட்டினாலும் எதிர்க்கத்தான் வேண்டும்.

யார் கட்டினாலும் என்ற சொல்லில்தான் சோதனை இருக்கிறது. போன வருடம் எதிரே இருபது மாடிச் சொகுசுக் கோபுரம் எழுந்தபோது இதே கேள்விகளைக் கேட்டீர்களா? நீச்சல்குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து என்று மனு எழுதினீர்களா? வீட்டுக்கு இரண்டு கார் என்றால் சாலை என்னாகும் என்று மாநகராட்சிக்குப் போனீர்களா? அன்று வாய் திறக்காமல் இன்று சின்ன வீடுகள் வரும்போது மட்டும் நீர்நிலை ஞாபகம் வந்தால், அதைச் சுற்றுச்சூழல் அக்கறை என்று சொல்லாதீர்கள். பணக்காரன் கட்டடத்திடம் என்ன கேட்போமோ அதையே ஏழை குடியேறும் கட்டடத்திடமும் கேட்போம். அதற்கு ஒரு கேள்வி கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

குறையவும் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. 2021இல் புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் கை வைத்த இடத்தில் பூச்சு உதிர்ந்து, ஊரே பேசியது. அப்படிப்பட்ட வேலை உங்கள் பக்கத்திலும் நடக்காதிருக்க வேண்டுமானால், கட்டும்போதே தரத்தைக் கேட்க நாலு பேர் வேண்டும். படித்தவர்கள், பொறியாளர்கள், மனு எழுதத் தெரிந்தவர்கள் உங்களிடம் இருக்கிறார்கள். வரப்போகும் குடும்பங்களுக்கு எதிராக அந்தத் திறமையைச் செலவழிப்பதைவிட அவர்கள் சார்பில் செலவழித்தால் இரு தரப்புக்கும் நல்ல வடிகாலும் நல்ல லிப்டும் கிடைக்கும்.

அடுத்த கவலை மனை விலை. "ரீசேல் வேல்யூ போயிடும்" என்கிறார்கள். பட்டினப்பாக்கத்திலும் நொச்சிக்குப்பத்திலும் குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகள் வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அவற்றை ஒட்டிய மயிலாப்பூரிலும் ராஜா அண்ணாமலைபுரத்திலும் விலை இறங்கிக் கிடக்கிறதா? அங்கே ஒரு கிரவுண்டு வாங்கப் போய் விலை கேட்டுப் பாருங்கள்.

இன்னும் நெருக்கமான சான்று முகப்பேர், வில்லிவாக்கம், அரும்பாக்கம். உலக வங்கிக் கடனுதவியோடு 1977இல் தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டமும் அதைத் தொடர்ந்த திட்டங்களும் இந்தப் பகுதிகளில் மனைப் பிரிவுகளைப் போட்டன. ஒரே மனைப்பிரிவில் ஏழைகளுக்குச் சிறு மனைகள், நடுத்தர வருமானக்காரர்களுக்குச் சற்றுப் பெரியவை, வசதியுள்ளவர்களுக்கு இன்னும் பெரியவை. பெரிய மனைகளை நல்ல விலைக்கு விற்று, அந்த வருவாயில் சிறு மனைகளின் விலையைக் குறைத்தார்கள். தொடக்கத்தில் ஆட்கள் மெல்ல மெல்லத்தான் குடியேறினார்கள். திட்டம் சரியாகப் போகவில்லை என்று வங்கியே நினைத்தது. ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து ஆய்வாளர்கள் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, பல வருமானக்காரர்களும் கலந்து வாழும் ஒழுங்கான குடியிருப்புப் பகுதிகளாக அவை வளர்ந்திருந்தன. இன்று முகப்பேரில் வீடு வாங்கத் துடிப்பவர்களில் எத்தனை பேருக்கு, தாம் தேடுவது ஏழைக்கும் இடம் வைத்துப் போட்ட நகரில் என்று தெரியும்?

திருட்டு பெருகும், வரி ஏறும், விலை சரியும் என்ற அச்சம் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் மவுண்ட் லாரல் என்று ஒரு ஊர். பல தலைமுறையாக அங்கே வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அவ்வூரிலேயே கட்டுப்படியாகும் வீடு கிடைக்காத நிலை. எதெல் லாரன்ஸ் என்ற பெண்மணி முன்னின்று 1971இல் வழக்குப் போட்டார். எளியவர்களுக்கும் இடம் தரும் பொறுப்பிலிருந்து ஓர் ஊர் நழுவ முடியாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1975இலும் 1983இலும் தீர்ப்புச் சொன்னது. அப்புறமும் எதிர்ப்பு ஓயவில்லை. வீடுகள் எழுந்தது 2000இல்தான். அதைப் பார்க்க எதெல் லாரன்ஸ் உயிரோடு இல்லை. குடியிருப்புக்கு அவர் பெயரை வைத்தார்கள். பின்னர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் மாசி குழுவினர், பக்கத்தில் உள்ள ஒத்த ஊர்களோடு ஒப்பிட்டுக் குற்றம், மனை விலை, வரி மூன்றையும் ஆராய்ந்தார்கள். அந்தக் குடியிருப்பால் மூன்றிலும் எந்தக் கேடும் வரவில்லை. அப்படி ஒரு குடியிருப்பு அருகில் இருப்பதே அக்கம்பக்கத்தவர் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. முப்பது வருடம் போராடித் தடுக்கப் பார்த்த ஒன்று, வந்த பிறகு கண்ணில்கூடப் படவில்லை.

ஆக, விலையும் திருட்டும் மனுவில் எழுதுவதற்கான காரணங்கள். எழுதாத காரணம் வேறு. "அந்த மாதிரி ஆளுங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறோமே, அதுதான். அந்த மாதிரி என்றால் எந்த மாதிரி? சென்னையின் குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். ஆகவே வெளிப்படையாகவே பேசுவோம்: இது வருமானத்தைப் பற்றிய தயக்கமாக வேடம் போட்டு வரும் சாதி. ஊருக்கு வெளியே சேரி என்று வைத்த கிராமத்தைக் குறை சொல்லிவிட்டு நகரத்துக்கு வந்தவர்கள், இங்கே சுற்றுச்சுவர் எழுப்பி அதையே செய்வது எந்த நாகரிகத்தில் சேர்த்தி?

மனுவை நீட்டுகிற அந்தக் காவலாளியை ஒருநாள் விசாரியுங்கள். எங்கே குடியிருக்கிறீர்கள், எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்புகிறீர்கள் என்று கேளுங்கள். உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவையும், காரோட்டும் தம்பியையும் கேளுங்கள். பகல் முழுக்க வீட்டுச் சாவியையும் குழந்தையையும் நம்பி ஒப்படைக்கிறோம். ராத்திரி அவர்கள் பக்கத்துத் தெருவில் படுத்தால் மட்டும் பயமாக இருக்கிறதா? உழைப்பு வேண்டும், உழைத்தவர் கண்காணாத தூரத்தில் இருக்க வேண்டும் என்பது அநியாயம்.

அந்தத் தூரம் எப்படிப்பட்டது என்று இந்த நகரம் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கியபோது, மக்கள் வாழ்ந்த இடத்திலோ அதன் பக்கத்திலோ அடுக்குமாடி கட்டித் தந்தது. 2000ஆம் ஆண்டுவாக்கில் அந்த வழக்கம் மாறி, கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரின் விளிம்புக்குக் கொண்டுபோய் ஆயிரமாயிரமாய்க் குவித்தார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம் கரைக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றினார்கள். வேலை நகரத்தில், வீடு இருபது முப்பது கிலோமீட்டருக்கு அப்பால். பிள்ளைகளின் படிப்பு நடுவில் நின்றது. பெண்கள் வீட்டு வேலையை இழந்தார்கள். வேலை கேட்டுப் போகும் இளைஞர்கள் முகவரியை மறைக்க வேண்டி வந்தது. ஏழைகளை ஒரே இடத்தில் குவிப்பதால் வரும் கேட்டைக் காட்டி, "பார்த்தீர்களா, இப்படித்தான் ஆகும்" என்று கலப்புக் குடியிருப்பை எதிர்ப்பது தலைகீழ் நியாயம். குவித்ததால் வந்த நோய்க்குக் கலந்து வாழ்வதே மருந்து.

என்ன செய்யலாம்? கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால் கட்டாயம் போங்கள். குடிநீர், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, வடிகால், பேருந்து வசதி, கட்டுமானத் தரம் பற்றி எழுத்தில் உறுதி கேளுங்கள். பராமரிப்புக்கு யார் பொறுப்பு என்று இப்போதே தீர்மானிக்கச் சொல்லுங்கள். பெரிய மனைப்பிரிவுகளில் நலிந்தோருக்கு இடம் ஒதுக்கும் விதி நடைமுறைக்கு வருகிறதா என்று கண்காணியுங்கள். தனி வாசல், நடுவில் சுவர், பிரித்து வைத்த விளையாட்டுத்திடல் என்று யாராவது சமரசம் பேச வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரே வளாகத்தில் இரண்டு வாசல் வைப்பது தீண்டாமையின் புதுப் பெயர். குடும்பங்கள் வந்து சேரும் நாளில் சங்கத்தின் சார்பில் நாலு பேர் போய் வரவேற்று, தண்ணீர் லாரி எண்ணையும் அருகிலுள்ள அரசுப் பள்ளியையும் சொல்லிவிட்டு வாருங்கள்.

இதெல்லாம் பெரிய தியாகம் இல்லை. குழுவில் ஒருவர் எழுதினால் போதும்: "தண்ணீருக்கும் வடிகாலுக்கும் மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது. ஆட்களுக்கு எதிராக எழுதினால் என்னை விட்டுவிடுங்கள்." எதிர்ப்பு எல்லோருடையதும் என்று நினைத்துக் கூச்சப்பட்டு வாய்மூடியிருப்பவர்கள் அந்தக் குழுவிலேயே நாலைந்து பேராவது இருப்பார்கள். நீங்கள் பேசினால் அவர்களும் பேசுவார்கள். மனு அலுவலகம் போய்ச் சேர்ந்தபின் வருந்திப் பயனில்லை. உங்கள் சொல்லால் ஒரு குடும்பத்துக்கு நகரத்தில் இடம் கிடைக்கலாம், உங்கள் மௌனத்தால் அது பறிபோகலாம். இன்றே பேசுங்கள்.