பார்ப்பதும் காண்பதும்



கண் சர்வேசுரன் நமக்குத் தந்த பெருங்கொடை. ஆனால் கண் திறந்திருக்கிற நேரமெல்லாம் நாம் காண்கிறோமா? “பார்த்தாயா?” என்று ஒருவர் கேட்டால் “பார்த்தேன்” என்று உடனே சொல்லிவிடுகிறோம். “என்ன கண்டாய்?” என்று கேட்டாலோ திகைத்து நிற்கிறோம். இது சிறிய வித்தியாசமல்ல. ஆத்துமத்தைப் பற்றிய வித்தியாசம் என்பதை ஓர் உதாரணத்தால் யோசித்துப் பார்ப்போம்.

லூர்து மாதா கெபிக்குத் திருயாத்திரை போகிறவர்களில் சிலர் வழியில் பாரிஸ் பட்டணத்தில் ஒருநாள் தங்குவதுண்டு. அங்கே லூவர் என்னும் பிரசித்தி பெற்ற அரும்பொருட்காட்சிசாலை இருக்கிறது. முன்னே அரசர்களின் அரண்மனையாயிருந்த அந்த இடம் 1793-ல் காட்சிசாலையாகத் திறக்கப்பட்டது. முதல்முறை அங்கே போகிறவர் என்ன செய்வார்? நேரமோ கொஞ்சம், கூடங்களோ அநேகம். ஆகவே எல்லோரும் போகிற திசையில் அவரும் போவார். அந்தக் கூட்டம் ஒரு பெரிய மண்டபத்தில் போய் நிற்கும். அங்கேதான் லெயோனார்தோ தா வின்சி வரைந்த மோனா லிசா என்ற படம் இருக்கிறது. உயரம் 77 சென்டிமீட்டர், அகலம் 53 சென்டிமீட்டர். கனத்த கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். நூறு கைகள் செல்போனோடு உயருகின்றன. சிலர் அந்தப் படத்துக்கே முதுகைக் காட்டி, தங்கள் முகத்தோடு சேர்த்துப் படம் பிடிக்கிறார்கள். பின்னால் நிற்கிறவர்கள் நெருக்க, வந்தவர் விலகிப் போகிறார்.

அதே மண்டபத்தில், நேர் எதிர்ச் சுவரில், இன்னொரு சித்திரம் இருக்கிறது. ஏறக்குறைய 10 மீட்டர் அகலம், 7 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரம். வெரோனேசே என்ற ஓவியர் 1563-ல் முடித்த கானாவூர்க் கலியாணம் அது. மோனா லிசாவை நோக்கி நிற்கிற கூட்டம் தன்னையறியாமலே சேசுநாதருடைய முதற் புதுமைக்கு முதுகு காட்டி நிற்கிறது!

இந்தச் சித்திரம் காட்சிசாலைக்கென்று வரையப்பட்டதல்ல. வெனீஸ் பட்டணத்தில் அர்ச். ஆசீர்வாதப்பர் சபைச் சந்நியாசிகள் தங்கள் மடத்துச் சாப்பாட்டு அறைக்கென்று வரையச் சொன்னார்கள். மௌனமாக உண்பது அவர்கள் ஒழுங்கு. 230 வருஷத்துக்கு மேலாக நாள்தோறும் அவர்கள் அதன் முன் அமர்ந்தார்கள். 1797-ல் நெப்போலியனின் படையினர் அதைத் துண்டுகளாக வெட்டிப் பாரிசுக்குக் கொண்டுபோனார்கள்.

அந்தச் சித்திரத்துக்குள்ளேயும் ஒரு பாடம் இருக்கிறது. அதில் சுமார் 130 பேர் இருக்கிறார்கள். சேசுநாதர் நடுவில் வீற்றிருக்கிறார்; பக்கத்தில் தேவமாதா. ஆனால் விருந்தாளிகளில் பெரும்பாலோர் அவரைப் பார்க்கவில்லை. பேசுகிறார்கள், உண்கிறார்கள், வாத்தியம் கேட்கிறார்கள். நாயும் உண்டு, பூனையும் உண்டு, பட்டாடைக்குக் குறைவில்லை. அத்தனை பேருக்கும் நடுவிலிருந்து நம் ஆண்டவர், படத்தின் முன் நிற்கிறவனையே நேராகப் பார்க்கிறார்.

அப்படியானால் அந்த யாத்திரிகரைக் குறை சொல்வதா? வேண்டாம். காசு சேர்த்துத் தூரதேசம் போனவர், பேர்பெற்றதைப் பார்க்க ஆசைப்படுவது பாவமல்ல. மோனா லிசாவும் அருமையான படமே. ஆனால் 1911-ல் அந்தப் படம் திருட்டுப்போனபோது, அது மாட்டியிருந்த வெறுஞ் சுவரைப் பார்க்கவும் ஜனங்கள் வரிசையாக வந்தார்களாம்! பேர் போதும், பொருள் வேண்டாம் என்று கண் பழகிவிட்டால் இப்படித்தான் ஆகும். அறிய விரும்பும் ஆசை நல்லதே என்றும், அதை நெறிப்படுத்த ஒரு புண்ணியம் உண்டு, நெறிதவறினால் அதுவே ஒரு துர்க்குணமாகும் என்றும் அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் போதிக்கிறார். வீண் விநோதப் பிரியம் ஒன்றிலும் நிற்பதில்லை. “நானும் பார்த்தேன்” என்று சொல்லிக்கொள்வதே அதற்குப் போதும்.

காண்பது வேறு. காண்கிறவன் நிற்கிறான், கண்டதற்குக் கடன்பட்டவனாகிறான். நல்ல சமாரியன் உவமையை நினைத்துப் பாருங்கள். அடிபட்டுக் கிடந்தவனைக் குருவானவனும் பார்த்தான், லேவியனும் பார்த்தான். இருவரும் விலகிப் போனார்கள். சமாரியன் ஒருவனே கண்டான். ஆகையால் இரங்கினான், காயம் கட்டினான், பணமும் கொடுத்தான். மூவருக்கும் கண் ஒன்றுதான். ஆனால் கண்டவனோ ஒருவன்.

இனி நம் காரியத்துக்கு வருவோம். ஞாயிறு பூசையில் எழுந்தேற்ற மணி அடிக்கிறபோது நம் கண் எங்கே இருக்கிறது? யார் வந்தார், என்ன உடுத்தினார் என்பதிலா? புதுநன்மை வாங்குகிற பிள்ளையை அந்த நிமிஷத்தில் காண்கிறோமா, அல்லது செல்போனின் சிறு கண்ணாடியில் மட்டும் பார்க்கிறோமா? வீட்டுத் திண்ணையில் வயதான தாயார் உட்கார்ந்திருக்கிறார். தினமும் பத்துமுறை அவரைக் கடந்து போகிறோம். அவர் இளைத்துப் போனதைக் கண்டோமா? அடுத்த வீட்டில் இரண்டு நாளாக அடுப்பு எரியவில்லை என்பதைக் கண்டோமா? பார்க்கவில்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது.

கானாவூரில் திராட்ச இரசத்தை ருசிபார்த்த பந்தி விசாரிப்புக்காரனுக்கு அது எங்கிருந்து வந்ததென்று தெரியாது. தண்ணீர் மொண்ட ஊழியருக்கோ தெரியும் என்று சுவிசேஷம் சொல்கிறது. விருந்துண்டவர்களுக்குத் தெரியாத புதுமையைக் கண்டவர்கள் யார்? சொன்னபடி குடம் சுமந்தவர்கள்! கைப்பட ஊழியம் செய்கிறவனுக்கே கண் திறக்கிறது.

ஆகவே இந்த வாரம் ஒரு சிறு முயற்சி செய்யுங்கள். நாள்தோறும் ஐந்து நிமிஷம் வீட்டிலுள்ள திரு இருதயப் படத்தின்முன் செல்போனின்றி மௌனமாக நில்லுங்கள். பிறகு அதே கண்ணோடு வீட்டாரில் ஒருவரைக் காணுங்கள். அவருக்கு என்ன குறை என்று கேளுங்கள். கானாவூர் வீட்டில் இரசம் தீர்ந்ததை எல்லோருக்கும் முன்பாகக் கண்டுகொண்ட தேவமாதா, காணும் கண்ணை நமக்கும் பெற்றுத் தருவாராக.

உங்கள் பங்குச் சுவாமி