கறை ஓரிடம், கசிவு வேறிடம்

கோயில் கார் தரிப்பிடத்திலே புதிதாக ஓர் எண்ணெய்க் கறை தென்பட்டால், நம்மில் பலருடைய கண் உடனே அதற்கு மேல் நிற்கும் காரைத்தான் தேடுகிறது. அந்தக் கார் அன்றுதான் முதன்முறையாக அவ்விடத்தில் நிறுத்தப்பட்டிருக்கலாம். முதல் வெள்ளிக்கிழமை பூசைக்கு வந்த வேறொரு கார் சிந்திவிட்டுப் போன கறையாகவும் அது இருக்கலாம். ஆயினும் "உங்கட கார் ஒழுகுது போல" என்று ஒருவர் சொன்னால் போதும், பழி நிலைத்துவிடுகிறது. ஒரு விளைவைக் கண்டதும் அதற்குக் காரணம் இதுதான் என்று சொல்லும் உரிமை நமக்கு எப்போது உண்டாகிறது? இக்கேள்வியைச் சிந்திப்பதற்குக் காரின் எண்ணெய்க் கசிவைப் போல நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

அறிவு பெறும் வழிகளாகக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றைச் சைவ சித்தாந்தம் கொள்வதை அன்பர்கள் அறிவீர்கள். மலையிலே புகையைக் கண்டு நெருப்பு உண்டென்று கொள்வது கருதலுக்குப் பழைய உதாரணம். தர்க்க நூலார் அங்கேயும் ஒரு நிபந்தனை வைத்தார்கள். அந்தப் புகை அடி அறாமல் மலையிலிருந்தே எழுவதாக இருக்க வேண்டும். காற்றோடு மிதந்துவரும் துண்டுப் புகையை வைத்துக்கொண்டு இந்த மலையில்தான் நெருப்பு என்று சொல்ல முடியாது.

எஞ்சின் எண்ணெயும் அப்படித்தான் பயணம் செய்கிறது. எஞ்சினின் மேல்மூடிக்குக் கீழே உள்ள காஸ்கட் வெப்பத்தால் இறுகி வெடித்தால், அங்கிருந்து கசியும் எண்ணெய் எஞ்சினின் முதுகுப்புறமாக வழிகிறது. கார் ஓடும்போது கீழே அடிக்கும் காற்றும் அதைப் பின்னோக்கித் தள்ளுகிறது. ஈற்றில் எஞ்சினும் கியர்பெட்டியும் சேரும் இடத்திலே திரண்டு, அங்கிருந்து சொட்டுகிறது. காருக்குக் கீழே படுத்துப் பார்ப்பவருக்கு அந்தச் சொட்டு மட்டுமே தெரியும். அவர் "பின் சீல் போய்விட்டது" என்பார். அந்தச் சீலின் விலை அற்பம். ஆனால் அதை மாற்றுவதற்குக் கியர்பெட்டியையே இறக்க வேண்டும், கூலி பல நூறு டொலரைத் தாண்டும். மேல்மூடிக் காஸ்கட்டோ பெரும்பாலான நான்கு சிலிண்டர் கார்களில் ஓரிரு மணி நேர வேலை. ஆகவே நனைந்த இடங்களுள் மிக உயரத்திலும் மிக முன்புறத்திலும் உள்ளதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது அனுபவமுள்ள மெக்கானிக்குகளின் விதி.

கசியும் இடத்தைக் கண்டுவிட்டால் காரணத்தைக் கண்டதாகுமா? அதுவும் இல்லை. எஞ்சினின் உள்ளே சேரும் வாயுவை வெளியேற்றுவதற்குப் பி.சி.வி. வால்வு என்றொரு சிறு உறுப்பு உண்டு. அது அடைபட்டால் உள்ளே அமுக்கம் கூடி, எண்ணெயைச் சீல்களின் வழியே வெளியே தள்ளும். சீலை மாற்றினாலும் சில மாதத்தில் அதுவோ வேறொன்றோ மீண்டும் கசியும். அழுத்தப்பட்ட சீலைக் குற்றவாளி என்று கழற்றி எறிந்துகொண்டே இருக்க, அழுத்தியது ஒரு மூலையில் நிம்மதியாகக் கிடக்கிறது! வீட்டிலே எப்போதும் முதலில் வெடிப்பவரை மட்டுமே நாம் கோபக்காரர் என்று சொல்வதில்லையா?

சென்ற வாரம் ஒயில் மாற்றியவர்மேல் பழி போடுவதும் வழக்கம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று அதைத் தள்ளிவிடவும் கூடாது. பழைய பில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினோடு ஒட்டிக் கிடக்க, அதன்மேல் புதிய பில்டரைப் பூட்டினால் எண்ணெய் நிச்சயம் ஒழுகும். அடியில் உள்ள திருகாணியின் வாஷர் நசிந்திருந்தாலும் சொட்டும். சில வேளைகளில் காக்கைதான் பழத்தைத் தள்ளியிருக்கும். ஐந்து நிமிடம் குனிந்து அவ்விரு இடங்களையும் பார்த்தபின் பேசுவதே நியாயம். அந்த மெக்கானிக் நம்மவராகச் சிறு கராஜ் நடத்துபவர் என்றால், ஆராயாத ஒரு வார்த்தை அவருடைய சீவனத்தையே கெடுத்துவிடும். நமக்கோ அதனால் ஒரு சதமும் நட்டமில்லை.

இனி, ஒரே செயல் இருவேறு செயலாக மாறும் ஓரிடம் உண்டு. கசிவைத் தேடுபவர் முதலில் எஞ்சினை நன்றாகக் கழுவுகிறார். பழைய அழுக்கு பழைய குற்றங்களுக்கே சாட்சி, இன்றைய கசிவை அது மறைக்கும். கழுவிக் காயவைத்து, சிறிது தூரம் ஓட்டிவிட்டு மறுபடி பார்க்கிறார். அதிலும் தெரியாவிட்டால் எண்ணெயில் ஒளிரும் சாயம் கலந்து, புற ஊதா விளக்கைப் பிடித்தால் கசிந்த வழி மஞ்சட்பச்சையாக மின்னும். காரை விற்க நினைப்பவரும் எஞ்சினைக் கழுவுகிறார். அதே தண்ணீர், அதே மருந்து. முன்னவர் காண்பதற்காகக் கழுவினார், பின்னவர் காணாமலிருப்பதற்காக. செயலை மட்டும் பார்த்து நல்லது தீயது என்று தீர்ப்பவர்கள் இந்த இருவரையும் எப்படிப் பிரிப்பார்களோ தெரியவில்லை. சீல்களை மென்மையாக்கிக் கசிவைக் கொஞ்சக் காலம் அடக்கும் திரவங்களும் அவ்வாறே. சொந்தக் காருக்கு ஊற்றினால் அது சிக்கனம். விற்பதற்கு முதல் நாள் ஊற்றிவிட்டுச் சொல்லாமல் இருந்தால் அதற்கு வேறு பெயர்.

ஒன்ராறியோவில் பழைய காரை "உள்ளது உள்ளபடி" என்று எழுதி விற்கலாம். அந்த இரண்டு சொற்களும் விற்பவருடைய வாயை அடைத்துவிடுகின்றன என்று சிலர் நினைக்கிறார்கள். நாம் அப்படி எண்ணவில்லை. பத்திரம் சட்டத்துக்கு முன்னே காப்பாற்றலாம். வாங்குபவர் நாட்டுக்கு வந்து ஆறு மாதமான ஒரு குடும்பஸ்தராக இருந்து, எண்ணெய் வற்றி நெடுஞ்சாலையில் எஞ்சின் இறுகி நின்றால், அவர் இழப்பது வேலைக்குப் போகும் வழியையே. கசிவு எங்கிருந்து என்று நமக்கே தெரியாவிட்டால், "மாதம் இவ்வளவு ஒயில் ஊற்ற வேண்டியிருக்கிறது, இடம் கண்டுபிடிக்கவில்லை" என்றாவது சொல்லலாம். விலை சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

வாங்க வருபவர்களும் தங்கள் பங்குக்கு ஒன்று செய்யலாம். காரின் கீழே வெள்ளை மட்டை ஒன்றை ஓரிரவு விரித்து வைக்கும்படி கேளுங்கள். கபிலமோ கறுப்போ என்றால் எஞ்சின் எண்ணெய், சிவப்பு என்றால் பெரும்பாலும் கியர் எண்ணெய், வெறும் தண்ணீர் என்றால் கோடையில் குளிரூட்டி விட்டது. விற்பவர் மட்டை விரிக்க மறுத்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் வீட்டுக்கு வந்து அவரைக் கள்ளன் என்று சொல்லாதீர்கள், அவருக்கு அன்று இரவு வேலையாகவும் இருந்திருக்கலாம்.