சாமி இல்லாத கோயில்

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், பிளாக் ராக் பாலைவனத்தில், ஆண்டுதோறும் ஆகஸ்ட் கடைசியில் ஏறத்தாழ எழுபதாயிரம் பேர் கூடி ஒரு நகரத்தை எழுப்புகிறார்கள். ஒரு வாரம் போல வாழ்ந்துவிட்டு, இருந்த சுவடே தெரியாமல் கலைத்துவிட்டுப் போகிறார்கள். பர்னிங் மேன் கலைவிழா என்று பெயர். 1986-ல் சான் பிரான்சிஸ்கோ கடற்கரையில் லாரி ஹார்வியும் ஜெர்ரி ஜேம்ஸும் ஒரு மர உருவத்தை எரித்ததில் தொடங்கி, 1990-ல் பாலைவனத்துக்குக் குடிபெயர்ந்தது. பிள்ளைகளோடு போகிற இடமா அது என்று தெரிந்தவர்கள் கேட்டார்கள். குடும்பத்தோடு வருகிறவர்களுக்கென்றே அங்கே கிட்ஸ்வில் என்றொரு முகாம் உண்டு. நாங்கள் பிள்ளைகளோடு என் மாமியாரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினோம்.

ரீனோவில் தண்ணீர் கேன்களை ஏற்றிக்கொண்டு, பைய்யூட் பழங்குடியினர் புனிதமாகக் கருதும் பிரமிட் ஏரியின் பக்கமாகப் போனால், கெர்லாக்தான் கடைசி ஊர். அதற்கப்பால் வறண்டுபோன ஏரிப் படுகை. அதன் புழுதியில் காரம் அதிகம். பாதத்தில் படிந்தால் தோல் வெடிக்கும். அத்தை ராத்திரிதோறும் பேத்தியின் காலை வினிகர் கலந்த தண்ணீரில் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவிவிடுவார். காசு கொடுத்து வாங்க அங்கே ஐஸ் தவிர அநேகமாக எதுவும் கிடையாது. முன்பின் தெரியாதவர்கள் கூப்பிட்டுச் சோறு போடுகிறார்கள்.

நான் எழுத வந்தது அங்குள்ள கோயிலைப் பற்றி. முழுக்க மரம். 2000-ல் டேவிட் பெஸ்ட் என்ற சிற்பி முதலாவதைக் கட்டினார். கட்ட இருந்த குழுவைச் சேர்ந்த ஓர் இளைஞர் விழாவுக்குச் சற்று முன்பு சாலை விபத்தில் இறந்துபோக, வந்தவர்கள் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களையும் அந்தப் பலகைகளில் எழுதத் தொடங்கினார்கள். அன்றிலிருந்து வழக்கமாகிவிட்டது. விழாவின் கடைசி ஞாயிறு இரவில் அதை எரிப்பார்கள்.

"இதுல எந்தச் சாமிம்மா இருக்கு?" என்று அத்தை கேட்டார். சாமி இல்லை, பூசாரி இல்லை என்றேன். "அப்ப சொல்றதெல்லாம் யார் காதுல விழும்?" என்றார். லிவர்மோர் சிவா விஷ்ணு கோயிலுக்கு வாரம் தவறாமல் போகிற குடும்பம் எங்களுடையது. அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது.

2021 மே மாதம் மாமா ஊரில் கொரோனாவில் இறந்தபோது அத்தை எங்களோடு கலிபோர்னியாவில் இருந்தார். போக வழியில்லை. ஊரில் இருந்திருந்தாலும் வீட்டு வாசலோடு நிறுத்தியிருப்பார்கள்; எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவருக்குக் கடைசியில் நெருப்பு வைத்ததைப் பார்க்க அவருக்கு உரிமை கிடையாது.

சடங்கு துக்கத்துக்குக் கரை கட்டுகிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் கரை கட்டியவர்கள், யாருக்கு உள்ளே இடம், யாருக்கு இல்லை என்பதையும் சேர்த்தே எழுதிவைத்தார்கள். தற்கொலை செய்துகொண்டவர்களுக்கு வழக்கமான ஈமக்கடன் கூடாது என்கின்றன நம் தர்ம சாஸ்திரங்கள். கத்தோலிக்கத் திருச்சபையும் அவர்களுக்கு நெடுங்காலம் கல்லறைத் தோட்டத்தில் இடம் மறுத்தது. பெஸ்ட் 2001-ல் கட்டிய கண்ணீர்க் கோயில், அப்படிப் போனவர்களை நினைத்துக் கட்டியது. அவர்களைப் பெற்றவர்கள் அங்கே வெட்கமில்லாமல் அழ முடிந்தது.

மூன்றாம் நாள் அத்தை என்னிடம் மார்க்கர் கேட்டு வாங்கினார். பிள்ளைகளைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, முழங்கால் உயரத்தில் காலியாக இருந்த ஒரு பலகையின் முன் உட்கார்ந்து, புழுதியை முந்தானையால் துடைத்துவிட்டு எழுதினார். மாமாவின் முழுப் பெயர், இனிஷியலோடு. அவர் வாயிலிருந்து அந்தப் பெயரை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட என் கணவரைத்தான் சொல்லச் சொல்வாராம். பெயருக்குக் கீழே, "கண்ணாடி என்கிட்டதான் இருக்கு" என்று எழுதினார்.

ஞாயிறு இரவு பல்லாயிரம் பேர் பாட்டில்லாமல் பேச்சில்லாமல் மண்ணில் உட்கார்ந்திருக்க, கோயில் எரிந்தது. அத்தை கடைசிவரை கண்ணை எடுக்கவில்லை. முகாமுக்குத் திரும்பும்போது, "இப்பதான் அவரை அனுப்பிவச்சேன்" என்றார்.

தெய்வம் வேண்டாம் என்று அங்கே சிலர் சொன்னதை நான் ஏற்கவில்லை. அழுவதற்கு இடம் கிடைத்த பிறகும் முறையிட ஒருவர் வேண்டும். அதற்கு நான் லிவர்மோருக்குத்தான் போவேன். ஆனால் ஓரிடம் கோயில் ஆவதற்கு முதலில் வேண்டியது, துக்கத்தோடு வருகிற யாரையும் வாசலில் நிறுத்தாமல் இருப்பது என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். அந்த மரக் கட்டடம் அதைச் செய்தது. நம் சுடுகாடுகள் எத்தனையோ அதை இன்னும் செய்யவில்லை.

பெண்களைச் சுடுகாட்டுக்கு விடாத வழக்கம் நகரங்களில் தளர்ந்து வருகிறது. மின்மயானங்களுக்குப் பெண்கள் வருகிறார்கள். மற்ற ஊர்களில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்து, நானும் வருகிறேன் என்று அம்மாவோ மனைவியோ மகளோ சொன்னால், மறிக்காதீர்கள். கூட்டிக்கொண்டு போங்கள்.